களம் கண்ட காரிகையர்
(இந்திய மகளிர் கால்பந்து அணியின் பன்னாட்டு ஆட்டங்கள்: ஓர் ஆய்வு)

மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவி, மகாராஜபுரம்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்புக்கு அருகே, தென்னந்தோப்புகளுக்கும் வயல்களுக்கும் நடுவே அமைந்தது எங்கள் மகாராஜபுரம். சதுரகிரிக்குச் செல்லும் அடியார் கூட்டம் எங்கள் ஊர்ப் பக்கமாகத்தான் தாணிப்பாறைக்குச் செல்லும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பேருந்தில் கால் வைக்க இடமிராது. அந்நாட்களில் நான் முதல் மணி வகுப்பிற்குப் பிந்தி வருவதன் காரணத்தை எங்கள் துறைப் பேராசிரியர்கள் நன்கறிவர்.

எங்கள் பக்கத்தில் கண்மாய் வற்றினால் அதுவே விளையாட்டுத் திடல். பையன்கள் மாலை முழுதும் அங்கே பந்து உதைப்பார்கள். பெண் பிள்ளைகள் கரையில் ஆடு மேய்த்தபடி பார்த்திருப்பார்கள். என் சித்தப்பா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஒருத்தி மட்டும் கரையிலிருந்து இறங்கிப் பையன்களோடு ஆடிப் பழகினாள். 2025 ஜூன் மாதம் பள்ளி திறந்ததும், குறுவட்டப் போட்டிக்குப் பெண்கள் கால்பந்து அணி அமைக்கப் போவதாகச் சொல்லி, உடற்கல்வி ஆசிரியை பெற்றோர் ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். சித்தப்பா அதில் கையெழுத்திடவில்லை. படிவம் சாமி படத்திற்குப் பின்னால் செருகப்பட்டுப் பல நாள் கிடந்தது. நான் அவளுக்காகப் பரிந்து பேசப் போனேன்.

“ஏந்தாயி, நீ காலேசுல வரலாறுதான படிக்கிறே? ஒண்ணு கேக்குறேன், சொல்லு. பொம்பளப் புள்ளைக கிரிக்கெட்டு ஆடுறத டி.வி.யில பாத்திருக்கேன். பந்த ஒதைக்கிறதுல நம்ம நாட்டுப் புள்ளைக எந்தச் சீமைக்குப் போயி யாரை ஜெயிச்சிருக்கு? அதச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்” என்றார் சித்தப்பா.

எனக்கு விடை தெரியவில்லை. பானிப்பட்டுப் போர்கள் மூன்றின் ஆண்டுகளையும் ஒப்பிக்கத் தெரிந்த எனக்கு, என் நாட்டுப் பெண்கள் ஆடிய ஓர் ஆட்டத்தின் முடிவுகூடத் தெரியாதிருந்தது நாணத்தைத் தந்தது. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. வெற்றியை மட்டும் எடுத்து அடுக்கினால் அது புகழ்மாலை ஆகுமேயன்றி வரலாறு ஆகாது. ஆகவே தோல்விகளையும் உள்ளபடியே கூறியிருக்கிறேன்.

தடை பிறந்த கதை

பெண்கள் கால்பந்து ஆடுவது நேற்று முளைத்த புதுமை என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1920ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலுள்ள குடிசன் பார்க் திடலில் இரு மகளிர் அணிகள் மோதின. அவற்றுள் ஒன்று டிக் கெர் என்னும் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர் அணி. அந்த ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். முதல் உலகப் போரில் ஆடவர் களம் சென்றுவிட, ஆலைகளில் வேலைக்கு வந்த பெண்களே ஓய்வு வேளையில் இந்த ஆட்டத்தை வளர்த்தனர்.

ஓராண்டு முடிவதற்குள், 1921 டிசம்பரில், இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் திடல்களில் மகளிர் ஆடக் கூடாதென்று தடை விதித்தது. ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதன்று என்பதே சொல்லப்பட்ட காரணம். தடை 1971 வரை நீடித்தது. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை தடை. கால்பந்தைத் தாய்ப்பாலோடு ஊட்டும் பிரேசில் நாட்டிலோ 1941 முதல் 1979 வரை அரசாணையே பெண்களைத் தடுத்தது. ஆடவர் உலகக் கோப்பை 1930இல் தொடங்கியது. மகளிர் உலகக் கோப்பை 1991இல்தான் சீனாவில் தொடங்கியது. இடையில் 61 ஆண்டுகள்!

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். உலகெங்கும் மகளிர் கால்பந்து பின்தங்கியது திறன் இன்மையால் அன்று; திடல் இன்மையால். எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் அமர்ந்திருந்த பெண்களும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

ஆசியாவில் இரண்டாம் இடம்

நிற்க. நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு 1975ஆம் ஆண்டில் தோன்றியது. ஆடவர் ஆட்டத்தை நிர்வகித்து வந்த அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிலிருந்து வேறுபட்ட தனி அமைப்பு அது. ஆசிய அளவிலும் அன்று மகளிர்க்கெனத் தனி அமைப்பே இருந்தது. இவ்விரண்டின் முயற்சியால் நம் பெண்கள் பன்னாட்டுக் களம் புகுந்தனர்.

1980ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிய மகளிர் கால்பந்துப் போட்டி நம் அண்டை மாநிலமான கேரளத்தின் கோழிக்கோட்டில் நடைபெற்றது. போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் இந்தியா வட அணி, தென் அணி என இரண்டு அணிகளைக் களமிறக்கியது. தென் அணி இறுதியாட்டம் வரை சென்றது. அங்கே தைவான் அணியிடம் 0–2 என்ற கணக்கில் தோற்று, ஆசியாவில் இரண்டாம் இடம் பெற்றது.

அடுத்து 1981இல் ஹாங்காங்கில் நடந்த போட்டியில் இந்தியாவுக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம். இம்முறை தாய்லாந்திடம் 0–3 எனத் தோல்வி. மீண்டும் இரண்டாம் இடம். ஆக நான்கே ஆண்டுகளுக்குள் ஆசியாவின் முதல் மூன்று இடங்களுக்குள் மும்முறை! அதே 1983ஆம் ஆண்டுக்கு வங்கத்து வீராங்கனை சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண்மணி அவரே.

அன்று போட்டியிட்ட நாடுகள் குறைவு என்று ஒருவர் கூறலாம். அது உண்மைதான். சீனாவும் வட கொரியாவும் அப்போது களத்தில் இல்லை. ஆனால் ஜப்பான் இருந்தது. 1981ஆம் ஆண்டு ஹாங்காங் போட்டிதான் ஜப்பான் மகளிர் அணியின் முதல் பன்னாட்டுப் போட்டி. அவர்கள் தைவானிடமும் தாய்லாந்திடமும் தோற்று முதற்சுற்றோடு ஊர் திரும்பினர். நாம் மூன்றாம் இடத்தோடு திரும்பினோம். வாசகர் இந்த ஒப்பீட்டை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதற்கு மீண்டும் வருவேன்.

ஒளி மங்கிய காலம்

1983க்குப் பின் நம் கதை வேறு திசையில் சென்றது. சீனா பங்கேற்ற முதல் போட்டியிலேயே, 1986இல், ஆசிய வாகையர் ஆயிற்று. 1991இல் நடந்த முதல் உலகக் கோப்பையில் இந்தியா இல்லை. அதன் பின்னர் 2023 வரை நடந்த எட்டு உலகக் கோப்பைகளில் ஒன்றிலேனும் நம் மகளிர் ஆடியதில்லை. 1990களின் தொடக்கத்தில் மகளிர் ஆட்டத்தின் பொறுப்பு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பிடம் வந்து சேர்ந்தது. ஆயினும் ஆட்டங்கள் பெருகவில்லை.

1997ஆம் ஆண்டு ஆசியப் போட்டியில் குவாம் என்னும் சிறு தீவை 10–0 என நம்மவர் வென்றனர்.  1998ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்ததை எழுதக் கை தயங்குகிறது. பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் சீனா 16, இந்தியா 0. நம் அணியின் வரலாற்றில் இதுவே மிகப் பெரிய தோல்வி. எந்த நகரில் 1983இல் இறுதியாட்டம் வரை சென்றோமோ, அதே நகரில் இது நேர்ந்தது. அன்றைய சீன அணி எத்தகையது என்பதையும் கூறிவிடுவது நேர்மை. அடுத்த ஆண்டே அது உலகக் கோப்பையின் இறுதியாட்டத்தில் அமெரிக்காவோடு கோலின்றிச் சமநிலையில் நின்று, பெனால்டியில்தான் தோற்றது.

தோல்வியைவிடக் கொடியது ஒன்று உண்டு. அது ஆட்டமே இல்லாமை. 2009ஆம் ஆண்டில் உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா, தன் தரவரிசைப் பட்டியலிலிருந்து இந்திய மகளிர் அணியை நீக்கியது. காரணம் தோல்வியன்று. பதினெட்டு மாதங்களுக்கு மேலாக அணி ஒரு பன்னாட்டு ஆட்டம்கூட ஆடவில்லை என்பதே காரணம். தேர்வில் தோற்ற மாணவனுக்கு மதிப்பெண் பட்டியலாவது உண்டு. தேர்வே எழுதாதவன் பெயர் பட்டியலிலேயே இராது. நம் அணியின் நிலை அவ்வாறாயிற்று.

இந்த இருண்ட ஆண்டுகளில் விளக்கை அணையாமல் காத்தவர் என்று மணிப்பூர் மாநிலத்து ஓய்னம் பெம்பெம் தேவியைக் கூறலாம். 1995இல் இளம்பெண்ணாக இந்திய அணிக்குள் வந்த அவர், 2016 வரை ஏறத்தாழ இருபத்தோராண்டுகள் நாட்டுக்காக ஆடினார். அர்ஜுனா விருது 2017இல் வந்தது. பத்மஸ்ரீ 2020இல் வந்தது. ஆடிக்கொண்டிருந்த காலத்தில் விருது வராதது குறித்து நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆண்டுகளே சொல்லிவிடுகின்றன.

தெற்காசியாவின் அரசியர்

2010 முதல் நிலைமை சற்றே மாறியது. தெற்காசிய நாடுகளுக்கென மகளிர் போட்டிகள் தொடங்கின. தெற்காசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் வாகையர் போட்டியில் நம்மவர் தொடர்ந்து ஐந்து முறை வென்ற விவரம் வருமாறு:

2010 – காக்ஸ் பஜார், வங்கதேசம் – இறுதியில் நேபாளத்தை 1–0
2012 – கொழும்பு, இலங்கை – நேபாளத்தை 3–1
2014 – இஸ்லாமாபாத், பாகிஸ்தான் – நேபாளத்தை 6–0
2016 – சிலிகுரி, இந்தியா – வங்கதேசத்தை 3–1 (இறுதியாட்டம் 2017 ஜனவரியில்)
2019 – விராட்நகர், நேபாளம் – நேபாளத்தை 3–1

முதற்போட்டியில் பூட்டான் அணியை 18–0 என வென்றதே நம் மகளிர் அணியின் மிகப் பெரிய வெற்றி. தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளிலும் 2010இல் டாக்காவிலும், 2016இல் ஷில்லாங்கிலும், 2019இல் பொக்காராவிலும் தங்கப் பதக்கம் நமக்கே. மூன்று முறையும் இறுதியில் தோற்ற நாடு நேபாளம்.

ஆனால் இவ்வெற்றிகளைக் கண்டு மயங்குவதற்கில்லை. சிறிய வகுப்பில் முதல் மாணவனாக இருப்பது ஒன்று. பல்கலைக்கழகத் தேர்வில் தேறுவது வேறொன்று. மேலும் அண்டை வீட்டார் சும்மா இருக்கவில்லை. 2022இல் காத்மாண்டுவில் வங்கதேசம் நம்மை 3–0 எனத் தோற்கடித்தது. அரையிறுதியில் நேபாளம் 1–0 என வென்று நம்மை வெளியேற்றியது. 2024இலும் அதே நகரில், அதே நேபாளத்திடம், அரையிறுதியில் பெனால்டியில் தோற்றோம். இருமுறையும் கோப்பை வங்கதேசத்திற்குச் சென்றது. அன்று 6–0 என நாம் வென்ற நேபாளம், எட்டாண்டுகளில் நம்மை வீட்டுக்கு அனுப்பும் நிலைக்கு வளர்ந்தது. இதில் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை, கற்றுக்கொள்ள உண்டு.

ஆசிய மேடையில் மீண்டும்

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மாலத்தீவை 15–0 என வென்ற நம்மவர், தென் கொரியாவிடமும் தாய்லாந்திடமும் தலா பத்து கோல்கள் வாங்கித் தோற்றனர். 2019 ஏப்ரலில் மியான்மரின் மாண்டலே நகரில் ஒலிம்பிக் தகுதிப் போட்டி. இந்தோனேசியாவையும் நேபாளத்தையும் வென்று, மியான்மரோடு 3–3 எனச் சமன் செய்தும், கோல் வேறுபாட்டால் அடுத்த சுற்று கை நழுவியது. பத்துக் கோல் தோல்விக்கும் ஒரு கோல் ஏமாற்றத்திற்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். அந்த ஐந்தாண்டுகளில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

2021 நவம்பர் 25ஆம் நாள் பிரேசிலின் மனாஸ் நகரில், உலகப் புகழ்பெற்ற பிரேசில் அணியோடு நம்மவர் ஆடினர். 1–6 எனத் தோல்விதான். ஆயினும் எட்டாவது நிமிடத்தில் பஞ்சாபின் ஹோஷியார்பூரைச் சேர்ந்த மனிஷா கல்யாண் அடித்த கோல் ஆட்டத்தை 1–1 எனச் சமப்படுத்தியது. அதே மனிஷா மறு ஆண்டு சைப்ரஸ் நாட்டுக் கழகத்தில் சேர்ந்து, ஐரோப்பிய மகளிர் வாகையர் லீக்கில் ஆடிய முதல் இந்தியப் பெண்ணானார். அவருக்கு முன் 2020இல் மணிப்பூரின் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் ஒப்பந்தமானார்.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே, மகாராஷ்டிரத்தில் நடைபெற்றது. முதல் ஆட்டத்தில் ஈரானோடு 0–0 எனச் சமநிலை. அதன்பின் அணிக்குள் கொரோனாத் தொற்று பரவ, களமிறங்கத் தேவையான பதின்மூன்று வீராங்கனையரைக்கூடத் திரட்ட இயலாமல் போட்டியிலிருந்தே விலக நேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிர்வாகக் குழப்பம் காரணமாக ஃபிஃபா இந்தியக் கூட்டமைப்பைச் சில நாட்கள் இடைநீக்கம் செய்தது. அப்போது ஆசிய மகளிர் கழகப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை சென்றுவிட்ட கோகுலம் கேரளா அணி, ஒரு பந்தைக்கூட உதைக்காமல் திரும்பியது. வீராங்கனையர் செய்த பிழை யாதொன்றுமில்லை.

இவற்றையெல்லாம் நான் குறிப்பேட்டில் எழுதி முடிக்கும் வேளையில்தான் 2025 ஜூலை 5ஆம் நாள் வந்தது. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 2026 ஆசியக் கோப்பைக்கான தகுதிப் போட்டி. மங்கோலியாவை 13–0, கிழக்குத் திமோரை 4–0, ஈராக்கை 5–0 என நம்மவர் வென்றிருந்தனர். எஞ்சியது தாய்லாந்து. 2015, 2019 ஆகிய இரு உலகக் கோப்பைகளில் ஆடிய நாடு. அதுவும் அவர்கள் மண்ணிலேயே ஆட்டம். வங்கத்து வீராங்கனை சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல்கள் அடித்தார். இந்தியா 2, தாய்லாந்து 1. தகுதிச் சுற்றில் ஆடி வென்று நம் மகளிர் ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. 1983 பாங்காக் தோல்விக்கு 42 ஆண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் பதில் கிடைத்தது.

தமிழகமும் நம் மாவட்டமும்

இவ்வணியில் நம் தமிழ்ப் பெண்கள் உண்டா என்று நண்பர்கள் வினவலாம். உண்டு. கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் பணியாற்றிக்கொண்டே இந்திய அணிக்காக ஆடியவர். 2019 தெற்காசியப் போட்டியில் வென்ற அணியில் அவர் இருந்தார். அதே மாவட்டத்துச் சந்தியா ரங்கநாதனும் இந்திய அணியில் இடம் பெற்றவர்.

2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் போட்டியின் இறுதியில், ஆண்டாண்டாய் அக்கோப்பையைத் தன் வீட்டுச் சொத்துப்போல் வைத்திருந்த மணிப்பூரைத் தமிழ்நாடு 2–1 என வென்று முதன்முறையாக வாகை சூடியது. 2023இல் அமிர்தசரஸில் ஹரியானாவை 2–1 என வென்று மீண்டும் வாகை சூடியது.

இன்னொரு செய்தி நம் வாசகர் பலருக்கும் வியப்பளிக்கும். 2016இல் தோன்றிய சேது கால்பந்துக் கழகம், நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டியிலுள்ள சேது தொழில்நுட்பக் கல்லூரியோடு தொடர்புடையது. அக்கழகம் 2019 மே மாதம் லூதியானாவில் மணிப்பூர் காவல்துறை அணியை 3–1 என வென்று இந்திய மகளிர் லீக் கோப்பையைக் கைப்பற்றியது. பஞ்சாலைக்கும் பால்கோவாவுக்கும் பேர்போன நம் பக்கத்திலிருந்து, ஒரு மகளிர் கால்பந்துக் கழகம் இந்தியாவின் முதலிடத்தைப் பெற்றது. அதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நான் அறிந்திருக்கவில்லை.

ஆட்டக் கணக்கு சொல்லும் பாடம்

இப்போது ஜப்பானுக்குத் திரும்புவோம். 1981இல் முதற்சுற்றோடு ஊர் திரும்பிய ஜப்பான், 1989இல் மகளிர்க்கென நாடு தழுவிய லீக் ஒன்றைத் தொடங்கியது. லீக் என்பது ஆண்டுதோறும் பல அணிகள் முறைவைத்து ஒன்றோடொன்று ஆடும் தொடர். ஒரு தோல்வியோடு பெட்டி கட்டும் போட்டி போன்றதன்று அது. தோற்றாலும் அடுத்த வாரம் மறுபடி ஆட வேண்டும். அதனால் ஒருத்திக்கு ஓராண்டில் பல ஆட்டங்கள் கிடைக்கும். பயிற்சியாளருக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கும். சிறுமியருக்குப் பார்த்துப் பழக ஓர் அக்காள் இருப்பாள்.

லீக் தொடங்கிய உடனே ஜப்பான் வென்றுவிடவில்லை. 1991 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. ஸ்வீடனிடம் மட்டும் எட்டு கோல்கள் வாங்கியது. ஆனாலும் ஆட்டத்தை நிறுத்தவில்லை. 2011இல் பிராங்பர்ட் நகரில் அமெரிக்காவை வென்று உலக வாகையர் ஆயிற்று. ஹாங்காங்கில் தோற்றுத் திரும்பிய நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகள்.

இந்தியாவில் மகளிர் லீக் எப்போது தொடங்கியது? முதல் தொடர் 2016–17இல். ஜப்பானுக்கும் நமக்கும் இடைவெளி 27 ஆண்டுகள். பத்துக் கோல் தோல்விக்கும் மாண்டலே ஏமாற்றத்திற்கும் நடுவே நிகழ்ந்தது என்ன என்று மேலே வினவினேன் அல்லவா? இந்த லீக் அவ்விடைவெளியில்தான் பிறந்தது. மாற்றத்துக்கு இதுவொன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெருங்காரணம் என்பது என் துணிபு.

1998இன் பதினாறு கோல்களை வைத்து நம் பெண்களால் இயலாது என்று முடிவு கட்டுவோர், 1980ஐயும் 1983ஐயும் பார்க்கட்டும். 1983ஐ வைத்து நாம் ஆசியாவை ஆண்டோம் என்று மார் தட்டுவோர் 2009ஐப் பார்க்கட்டும். நம் கால்கள் வலுவாயிருந்த ஆண்டுகளும் மெலிந்திருந்த ஆண்டுகளும் தற்செயலாய் அமைந்தவையல்ல. ஆட்டம் இருந்தபோது வளர்ந்தோம். ஆட்டம் இல்லாதபோது தேய்ந்தோம். ஓடுகிற நீரே தெளியும். நம் பெண்களின் ஆட்டத்தை நாமே பல்லாண்டு தேக்கி வைத்தோம்.

முடிவுரை

ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை காலை, குறிப்பேட்டோடு சித்தப்பா வீட்டுக்குப் போனேன். அவர் தோப்பில் வெட்டிய காய்களை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும் வரை காத்திருந்து, கோழிக்கோடு முதல் சியாங் மாய் வரை படித்துக் காட்டினேன். பதினாறு கோல் தோல்வியை மறைக்கவில்லை. அந்த இடத்தில் அவர் முகம் சுளித்தார். கடைசி வரியைக் கேட்டதும், “தாய்லாந்தா? முன்னாடி நம்மள மூணு கோல் போட்டவுக தானே? அவுக ஊர்லயேவா?” என்று இருமுறை கேட்டார். பிறகு சாமி படத்திற்குப் பின்னிருந்து படிவத்தை எடுத்தார். “நேத்து இத நீ சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன் தாயி” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

கதை இங்கு இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் குறுவட்டப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே அவர்கள் பள்ளி 0–5 எனத் தோற்றது. அவள் அழுதுகொண்டே வந்தாள். சித்தப்பா திட்டவில்லை. “எத்தன நாளு பழகுனீக?” என்று மட்டும் கேட்டார். “பதினோரு நாளுப்பா” என்றாள். “எதுத்து ஆடுனவுக?” “அவுக மூணு வருசமாம்.” சித்தப்பா சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “அப்ப சரியாத்தான இருக்கு கணக்கு” என்றார். நான் பத்துப் பக்கம் எழுதிக் கண்ட முடிவை, வரலாறு படிக்காத என் சித்தப்பா ஒரே வரியில் சொல்லிவிட்டார். இப்போது மாலையில் கண்மாய்க்குள் பையன்களோடு மூன்று பெண்கள் ஆடுகிறார்கள். இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பது மட்டும் சித்தப்பாவின் கட்டளை.

பேராசிரியப் பெருமக்களே, உடன் பயிலும் தோழியரே! நம் கல்லூரியில் மகளிர்க்குக் கபடி உண்டு, வளையப் பந்து உண்டு, எறிபந்து உண்டு. கால்பந்து அணி இல்லை. திடல் இருக்கிறது, பந்து இருக்கிறது, மாலை நாலு மணிக்கு மேல் நம் ஊர்களுக்குச் செல்லும் பேருந்து வரும்வரை ஒரு மணி நேரமும் இருக்கிறது. தேவை பதினொருவர். என் பெயரை முதலாவதாக எழுதிக்கொள்ளலாம். எனக்குப் பந்தைச் சரியாக உதைக்கத் தெரியாது. ஆயினும் கோல் கம்பத்தின் முன் நிற்கத் தெரியும். முதல் ஆண்டில் நாம் பத்துக் கோல் தோற்கலாம். தோற்போம். மறு ஆண்டும் ஆடுவோம்.

எஞ்சிய பத்துப் பெயர்களுக்காகக் காத்திருக்கிறேன்.